ஒரு ஈத்தாவது போடட்டும் என்ற பேச்சு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளர்ப்பு நாய்களுக்கும் பூனைகளுக்கும் கருத்தடையைக் கட்டாயமாக்கும் உள்ளூர்ச் சட்டங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சட்டம் வேண்டாம் என்று எழுத யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் ஒரு பெட்டையை ஒருமுறைகூடத் தாயாக விடாமல் கத்தி வைப்பது என்ன அன்பு என்று கட்டுரையாளர் கேட்டிருந்தார். நான்கு நாட்களாக அந்த ஒரு வரிதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்தப் பேச்சைக் கேட்டுத்தான் நான் என் நாயை இழந்தேன். அவளுக்கு ஒரு வயது ஆனபோதே ஆபரேஷன் செய்துவிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். பாவம், ஒரு ஈத்தாவது போடட்டுமே என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நானும் சரி என்று விட்டுவிட்டேன். மூன்றாவது வயதில் ஏழு குட்டிகள் போட்டாள். ஏழுக்கும் வீடு தேடுவதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆறு மாதம் கழித்து விசாரித்தால், ஒரு வீட்டில் குட்டி ஓடிப்போய்விட்டது என்றார்கள். இன்னொரு வீட்டில் பெட்டைக்குட்டி சினையாகிவிட்டது, திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

எட்டாவது வயதில், பருவம் முடிந்து ஒரு மாதம் இருக்கும், தண்ணீராகக் குடித்தாள். சாப்பாட்டைத் தொடவில்லை. வெயில் என்று நினைத்துவிட்டேன். மூன்றாம் நாள் வயிறு உப்பியது. ஸ்கேன் எடுத்தால் கர்ப்பப்பை முழுக்கச் சீழ். பயோமெட்ரா என்றார்கள். அன்றிரவே ஆபரேஷன் செய்தும் விடியும் வரைதான் இருந்தாள். கருத்தடை செய்யாத பெட்டைகளுக்கு நடுவயது தாண்டினால் அடிக்கடி வருகிற நோய் இது. கர்ப்பப்பையையும் சூலகத்தையும் முன்பே எடுத்திருந்தால் வந்தேயிருக்காது. ஒருமுறை குட்டி போட்டதால் அவளுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை.

பூனை வளர்ப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். 4, 5 மாதத்திலேயே சினையாகிவிடும். இரண்டே மாதத்தில் குட்டி. அவை பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினை. அத்தனைக்கும் எந்த வீட்டில் இடம் இருக்கிறது? அட்டைப்பெட்டியில் போட்டு வாசலில் விட்டுப்போன குட்டிகளுக்குச் சொட்டுச் சொட்டாகப் பால் புகட்டி, பாதியைப் புதைத்தவர்களிடம் தாய்மையைப் பற்றிப் பேசாதீர்கள், ஐயா.

அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கமே கட்டாயச் சட்டத்தை ஆதரிக்கவில்லை என்று கட்டுரையில் இருக்கிறது. உண்மைதான். ஏன் என்பதை விட்டுவிட்டீர்களே! சட்டத்துக்குப் பயந்து சிலர் உரிமம் எடுக்க மாட்டார்கள், தடுப்பூசி போடக்கூட டாக்டரிடம் வர மாட்டார்கள் என்பதுதான் அவர்கள் கவலை. கருத்தடையை அவர்கள் எதிர்க்கவில்லை, ஊக்குவிக்கிறார்கள். பாதியை மட்டும் அச்சிட்டால் படிப்பவர் என்ன நினைப்பார்?

சட்டத்தில் குறையே இல்லை என்று நானும் சொல்லவில்லை. 2008-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 4 மாத வயதுக்குள் கருத்தடை செய்ய வேண்டும் என்று வரம்பு வைத்தது. பெரிய இன நாய்களுக்கு அது சீக்கிரம்தான். ஒரு வயதுக்குள் கருத்தடை செய்த கோல்டன் ரிட்ரீவர்களிடம் மூட்டுக்கோளாறு அதிகம் என்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வு 2013-இல் சொன்னது. ஆனால் டாக்டர் கடிதம் கொடுத்தால் அந்த நகரத்திலும் விலக்கு உண்டு. தெற்கு ஆஸ்திரேலியாவில் 2018 ஜூலைக்குப் பிறகு பிறந்த நாய், பூனைகளுக்கு 6 மாதம் என்று வைத்து, பதிவு செய்த இனவிருத்தியாளர்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். இதையெல்லாம் எழுதியிருக்கலாம். ஆபரேஷன் செலவைக் குறைக்காமல் அபராதத்தை மட்டும் போட்டால் ஏழை வீட்டு நாய்தான் தெருவுக்கு வரும் என்று எழுதியிருந்தால் நானே நன்றி சொல்லிக் கடிதம் போட்டிருப்பேன்.

இது முதல் தடவையும் இல்லை. கூடை நிறையக் குட்டிகளை வைத்து அட்டைப்படம் போட்டீர்கள். அந்தக் குட்டிகள் பிறகு எங்கே போயின என்று ஒரு வரி இல்லை. கேள்வி பதில் பகுதியில் கடுவனுக்குக் கருத்தடை தேவையில்லை என்று பதில் வந்தது. குட்டி என்ன பெட்டையால் மட்டுமா பிறக்கிறது? பருவ வாசனை பிடித்துச் சுவர் ஏறிக் குதித்து, சண்டை போட்டு, வண்டியில் அடிபடுவது பெரும்பாலும் கடுவன்தானே. அப்போதே எழுதினேன். அது வெளிவரவில்லை. இத்தனை வருடம் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறவள் என்ற உரிமையில்தான் வருத்தப்படுகிறேன்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. உங்கள் கடைசிப் பக்கத்தில் 'குட்டிகள் இலவசம்' என்று வாரா வாரம் விளம்பரம் வருகிறது. அதன் கீழே, தாய்க்குக் கருத்தடை செய்தாகிவிட்டதா என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். இல்லை என்பவரின் விளம்பரத்தைப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி