மத்திய மாகாணத்துக்கு ஒரு தேர்தல் வையுங்கள்

இலங்கை நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு, அதிலும் கண்டி, மாத்தளை, நுவரெலியா மாவட்ட மக்கள் அனுப்பிவைத்தவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியில் சேரம்பாடிப் பக்கமிருந்து எழுதுகிறேன். உங்கள் மத்திய மாகாண சபைக்கு 2013-க்குப் பிறகு தேர்தலே நடக்கவில்லை, அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். இங்கே எங்களை இன்னும் சிலோன்காரர்கள் என்றுதான் சொல்வார்கள். என் அப்பாயி 1972-இல் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, அப்புறம் இந்த மலைக்கு வந்தார். தாயகம் திரும்பியவர்களுக்காக அரசு போட்ட தேயிலைத் தோட்டத்தில், இப்போது டான்டீ என்கிறோமே, அதில் கொழுந்து பறித்தார். அவருடைய தங்கை ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலேயே தங்கிவிட்டார். நான் இந்தியக் குடிமகன். உன் நாட்டு வேலையைப் பார் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் எங்கள் குடும்பத்தில் பாதி அங்கே லயத்தில்தான், தோட்டத்து வரிசை வீடுகளில்தான், இருக்கிறது.

அப்பாயி 1977-இல்தான் முதன்முதலாக ஓட்டுப் போட்டார். நீலகிரித் தொகுதியில். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்துப்போன விரல் அது. மை வைத்தவர் எங்கே வைப்பது என்று விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். வீட்டுக்கு வந்ததும் எலுமிச்சைத் தோலைப் போட்டுத் தேய்த்துக் கறையை எடுத்துவிட்டு, மை மட்டும் பளிச்சென்று தெரிகிற மாதிரி அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் காட்டிவிட்டு வந்திருக்கிறார். இதைச் சொல்லும்போதெல்லாம் அந்த விரலைத் தனியாக நீட்டிக் காட்டுவார்.

அவ்வளவு சந்தோஷம் ஏன் என்று உங்களுக்குத் தெரியாததில்லை. 1947 தேர்தலில் தோட்ட மக்களின் கட்சியான இலங்கை இந்திய காங்கிரஸ் 7 இடங்களில் வென்றது. மறுவருடம் வந்த குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது, 1949-இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி அவர்கள் ஓட்டையும் பறித்தார்கள். 1952 தேர்தலில் தோட்ட மக்களின் ஓட்டில் ஜெயித்து வர ஒருவரும் இல்லை. பிறகு 1964-இல் இரு நாட்டுப் பிரதமர்களும் போட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னால் பேசிக்கொள்ளலாம் என்று ஆட்களை எண்ணிப் பிரித்தார்கள். அந்த மீதிப் பேரையும் 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அப்பாயி ஓட்டுப் போட்ட அதே 1977-இல்தான் தோட்டத் தொழிலாளர் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா - மஸ்கெலியா தொகுதியில் வென்று, மறுபடி மக்கள் ஓட்டில் நாடாளுமன்றத்துக்குள் போனார். இடையில் 30 வருடங்கள் போய்விட்டன.

அப்பாயியின் தங்கையும் இந்தியாவுக்குத்தான் எழுதிக் கொடுத்திருந்தார். பாஸ்போர்ட்கூட வந்துவிட்டது. கிளம்புவதற்குள் 1984-இல் கப்பல் நின்றுபோனது. 2003-இல் இந்திய வம்சாவளி மக்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் வந்த பிறகுதான் அவர் இலங்கைக் குடிமகள். அந்தப் பழைய பாஸ்போர்ட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றித் தகரப் பெட்டியில் இன்னும் வைத்திருக்கிறார். 2013 செப்டம்பரில் மத்திய மாகாண சபைத் தேர்தலில் ஓட்டுப் போட்டார். மாகாண சபைக்கு அவர் போட்ட கடைசி ஓட்டு அதுதான்.

58 உறுப்பினர்கள் உட்கார்ந்த சபை 2018-இல் காலம் முடிந்து கலைந்தது. அதன் பிறகு ஆளுநர் ஆட்சிதான். ஆளுநரை ஜனாதிபதி நியமிக்கிறார், தோட்டத்து ஆள் யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. இலங்கை அரசியலமைப்பின் 13-வது திருத்தத்தால் கிடைத்த சபை இது, 1988-இலிருந்து நடந்தது. எங்கள் ஆட்களுக்கு இதனால் பெரிய பலன் பள்ளிக்கூடத்தில்தான். மத்திய மாகாணத்தில் தமிழ்க் கல்விக்கென்று ஓர் அமைச்சர் இருந்தார். ஆசிரியர் இல்லை, கூரை ஒழுகுகிறது என்றால் போய் நிற்க ஒரு வாசல் இருந்தது. இப்போது அங்கே பிள்ளைகள் யாரிடம் போவார்கள்?

தேர்தல் நின்றுபோனதற்குக் காரணம் நீங்கள் செய்த சட்டம்தான், வருத்தத்தோடு சொல்கிறேன். 2017-இல், கட்சி வாங்கும் ஓட்டுக்கு ஏற்ப இடம் தரும் விகிதாசார முறையை எடுத்துவிட்டு, பாதி தொகுதி வாரியாக, பாதி விகிதாசாரமாக என்ற கலப்பு முறையைக் கொண்டுவந்தீர்கள். அதற்குத் தொகுதி எல்லைகளைப் பிரித்த அறிக்கை 2018 ஆகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு வந்தது, ஆதரித்து ஒரு ஓட்டுக்கூட விழவில்லை. மறுஆய்வுக் குழு போட்டார்கள், அதன் அறிக்கை வரவே இல்லை. பழைய முறையும் போய்விட்டது, புதியதும் வரவில்லை.

சரி, இனி என்ன செய்யலாம்? பழைய விகிதாசார முறையிலேயே தேர்தலை நடத்த ஒரு திருத்தம் கொண்டுவாருங்கள். மலையக மக்களுக்கு, அதாவது எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு, அதுதான் நல்லது என்று நான் நினைக்கிறேன். தோட்டங்கள் மலைமலையாகச் சிதறிக் கிடக்கின்றன. தொகுதிக் கோடு எங்கே விழுந்தாலும் ஒரு பக்கம் கொஞ்சம் பேர், மறுபக்கம் கொஞ்சம் பேர் என்று உடைந்துபோவார்கள். எல்லை பிரிக்கிற விவாதம் வேண்டுமானால் பிறகு ஆற அமர நடக்கட்டும், அதற்காகத் தேர்தலை நிறுத்திவைக்க வேண்டாம்.

போன வாரம் போனில் பேசும்போதுகூட, "இந்த வருசமாவது வைப்பாங்களாப்பா?" என்றுதான் அந்தச் சின்ன அப்பாயி கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
சேரம்பாடியிலிருந்து ஒரு சிலோன்கார வீட்டுப் பேரன்