எங்கள் டெபாசிட் பணம் கைக்கு வந்தது: துணை நின்ற எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள ஈஸ்ட்ஹாம், லெஸ்டர் உறவுகளுக்கு,

வணக்கம். லண்டன் ஈஸ்ட்ஹாமில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்குக் கொடுத்திருந்த டெபாசிட் 1,730 பவுண்டில் 45 பவுண்டு போக, மீதி 1,685 பவுண்டும் எங்கள் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது. இதில் கை கொடுத்தவர்கள் பலர். ஒருவர் செய்தது இன்னொருவருக்குத் தெரியாது. அதனால்தான் எல்லாவற்றையும் ஒரே மடலாக எழுதுகிறேன். இதே சிக்கலில் மாட்டியிருப்பவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்கும் உதவட்டும் என்று கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். உதவியவர்கள் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். வீட்டு உரிமையாளர் பெயரையும் நான் எழுதப் போவதில்லை.

எனக்கு லெஸ்டரில் மருத்துவமனை வேலை கிடைத்ததால் வீட்டைக் காலி செய்தோம். முறையாக நோட்டீஸ் கொடுத்தோம். வாடகை பாக்கி ஒரு பைசா இல்லை. சாவியைக் கொடுத்துவிட்டு வந்த பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வந்தது. கார்பெட் மாற்ற 900, சுவருக்குப் பெயிண்ட் அடிக்க 500, ஆள் வைத்துச் சுத்தம் செய்ய 250, சமையல் வாடையைப் போக்க 80. கூட்டிப் பார்த்தால் மொத்தம் 1,730. நாங்கள் கொடுத்த டெபாசிட்டும் சரியாக அதே 1,730.

அந்த 80 பவுண்டுதான் என்னை அதிகம் வருத்தியது. அந்த வீட்டில் நாங்கள் சமைத்தது சாம்பாரும் மீன் குழம்பும். அவர் வீட்டிலும் அதுதான் சமைப்பார்கள். அவரும் தமிழர்.

தெரிந்தவர்கள் நிறையப் பேர் விட்டுவிடச் சொன்னார்கள். "நம்ம ஆளோட போய் மல்லுக்கு நிக்கணுமா?" என்றார்கள். "விசா பிரச்சினை ஆயிடப் போகுது" என்று பயமுறுத்தியவர்களும் உண்டு. டெபாசிட்டைக் கேட்பதற்கும் விசாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் அந்தப் பயம் எங்களுக்குள் இறங்கிவிட்டது. சென்னையில் வீடு காலி செய்யும்போது பெயிண்ட் செலவென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். கொடுக்கிறதை வாங்கிக்கொண்டு வருவதுதான் வழக்கம் என்று மனம் பழகியிருந்தது.

அந்தப் பழக்கத்தை முதலில் உடைத்தவர் வார்டில் என்னோடு வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் தோழி. இரவு ஷிப்டில் விஷயத்தைச் சொன்னபோது, "பணம் எந்தத் திட்டத்தில் இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். இங்கிலாந்தில் 2007 ஏப்ரல் 6 முதல், இப்படிப்பட்ட வாடகை வீட்டு டெபாசிட்டை உரிமையாளர் தன் பையில் போட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாது. அரசு அங்கீகரித்த திட்டம் ஒன்றின் பாதுகாப்பில் வைக்க வேண்டும். இப்போதுள்ள விதிப்படி பணம் வாங்கிய 30 நாளுக்குள் அதைச் செய்து, எந்தத் திட்டம் என்ற விவரத்தையும் குடியிருப்பவருக்குக் கொடுத்தாக வேண்டும். டெபாசிட் பாதுகாப்புச் சேவை, மைடெபாசிட்ஸ், வாடகை டெபாசிட் திட்டம் என்று மூன்று இருக்கின்றன. தோழிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், அவருடைய அக்காவுக்கும் இதே கதை நடந்திருக்கிறது.

என் கணவர் பழைய மின்னஞ்சல்களைத் தேடினார். சான்றிதழ் கிடைத்தது. பணம் உரிமையாளரிடம் இல்லவே இல்லை, திட்டத்தின் பொறுப்பில்தான் இருந்தது. "தர மாட்டேன்" என்று அவர் சொன்ன பணம் அவர் கையிலேயே இல்லை! தோழி கேட்ட அந்த ஒரு கேள்விக்கு நான் எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

அடுத்து, மக்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்லும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்தில் எங்களுக்காக உட்கார்ந்த பெரியவர். அவர் சம்பளம் வாங்காத தன்னார்வலர். எங்கள் பேச்சை அவசரப்படுத்தாமல் முழுவதும் கேட்டார். பிறகு அவர் சொன்ன விஷயம்தான் எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது: டெபாசிட் குடியிருந்தவரின் பணம். பிடித்தம் செய்ய விரும்புகிறவர்தான் காரணத்தை நிரூபிக்க வேண்டும். நாங்கள் குற்றமற்றவர்கள் என்று நாங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை.

நாங்கள் எழுதி எடுத்துப் போயிருந்த மூன்று பக்கக் கடிதத்தைப் படித்துவிட்டு பென்சிலை எடுத்தார். "எங்களை அவமானப்படுத்திவிட்டார்", "மனசாட்சி இல்லாதவர்" போன்ற வரிகளின் கீழே மெல்லக் கோடு போட்டார். இதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் டெபாசிட் திட்டத்தின் சார்பில் தீர்ப்பு சொல்பவர் உங்கள் முகத்தைப் பார்க்கப் போவதில்லை, காகிதத்தை மட்டும்தான் பார்ப்பார் என்றார். பிறகு ஒரு வெள்ளைத்தாளில் நான்கு கட்டம் போட்டுக் கொடுத்தார். கேட்ட தொகை, அவர் சொல்லும் காரணம், குடிவந்தபோது இருந்த நிலை, காலி செய்தபோது இருந்த நிலை. ஒவ்வொரு வரிக்கும் எதிரே எந்தப் படம், எந்த மின்னஞ்சல் என்று எண் போடச் சொன்னார். மூன்று பக்கக் கோபம் ஒரு பக்கக் கணக்காக மாறியது.

250 பவுண்டு சுத்தச் செலவைப் பற்றியும் அவர்தான் சொன்னார். குடியிருப்போர் கட்டணச் சட்டம் 2019 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்த பிறகு, காசு கொடுத்து ஆள் வைத்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கட்டாயப்படுத்த முடியாது. குடிவந்தபோது எவ்வளவு சுத்தமாக இருந்ததோ அவ்வளவு சுத்தமாக ஒப்படைத்தால் போதும், யார் துடைத்தார்கள் என்பது அவர்களுக்கு வேண்டாத விஷயம். அதே சட்டம்தான் ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவான வீடுகளுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது என்கிறது. எங்கள் வாடகை மாதம் 1,500. அதை 12-ஆல் பெருக்கி, 52-ஆல் வகுத்து, 5-ஆல் பெருக்கினால் 1,730 பவுண்டும் சில்லறையும். அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது.

வீடு காலி செய்த அன்று சாமான் ஏற்ற வந்த தம்பிக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். வேன் நிறைந்த பிறகு நாங்கள் கிளம்பும் அவசரத்தில் இருந்தோம். அவன்தான் போனை எடுத்து, "அக்கா, ஒரு நிமிஷம். நீங்க கதவைத் திறந்துட்டே வாங்க, நான் எடுத்துட்டே வர்றேன்" என்றான். ஒவ்வொரு அறையையும் நான்கு மூலையிலிருந்தும் எடுத்தான். அலமாரிகளின் உள்ளே, குழாயைத் திறந்து மூடி, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு, மின்சார மீட்டரின் எண் வரை எல்லாம் பதிவானது. குளியலறைக் கூரையில் எக்ஸாஸ்ட் ஃபேன் பட்டனை அழுத்திக் காட்டினான். அது ஓடவில்லை. அந்தச் சில நொடிகள்தான் பெயிண்ட் விஷயத்தில் எங்களைக் காப்பாற்றின. கூரையில் கறுப்புப் பூஞ்சை பிடித்ததற்கு நாங்கள் துணி காயப்போட்டதுதான் காரணம் என்பது உரிமையாளரின் வாதம். ஃபேன் கெட்டுப்போனதைச் சொல்லி என் கணவர் முன்பே அனுப்பியிருந்த மின்னஞ்சல்களும் இந்த வீடியோவும் சேர்ந்து அதற்குப் பதில் சொல்லிவிட்டன.

இனி, பக்கத்து வீட்டு அக்கா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அந்தத் தெருவில் பல காலமாக இருப்பவர். நாங்கள் விட்டுவிடலாமா என்று யோசித்த நாட்களில், "பிள்ளை, அது உன்ர காசெல்லோ? பிறகேன் விடுறாய்?" என்று ஒரே பிடியாக நின்றவர். அந்தப் படுக்கையறை கார்பெட் எங்களுக்கு முன்னால் இருந்த குடும்பத்தின் காலத்திலேயே கிடந்தது என்று அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அதை எழுதித் தருவீர்களா என்று கேட்கவே எனக்குத் தயக்கம். அவரும் எங்கள் உரிமையாளரும் ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள், ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு இன்னொருவர் வருகிறவர்கள். அக்கா தயங்கவே இல்லை. அவர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன், அவர் மகள் வாசித்துக் காட்டினாள், அக்கா ஒரு சொல்லைத் திருத்தச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு கோயிலில் சிலர் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று கேள்விப்பட்டேன். அக்கா, நீங்கள் அதை என்னிடம் சொல்லவே இல்லை. எங்களுக்குக் கிடைத்த பணத்தைவிட நீங்கள் கொடுத்த விலை பெரியது என்று எனக்குத் தெரியும்.

திட்டத்தின் தகராறு தீர்வுச் சேவைக்குக் கட்டணம் கிடையாது. நேரில் போக வேண்டியதும் இல்லை, இரு தரப்பும் ஆதாரங்களை இணையத்தில் ஏற்றினால் தீர்ப்பாளர் படித்து முடிவு சொல்வார். நாங்கள் லெஸ்டரிலிருந்தே செய்தோம். ஊருக்கே திரும்பிப் போய்விட்டவர்களும் அங்கிருந்தபடியே செய்யலாம். ஆனால் இதற்குக் காலக்கெடு உண்டு. தள்ளிப் போடாதீர்கள்.

எங்கள் தீர்ப்பை எழுதிய அந்த முகம் தெரியாதவருக்கும் என் நன்றி. ஒவ்வொரு தொகைக்கும் தனித்தனியாகக் காரணம் எழுதியிருந்தார். உரிமையாளரே தயாரித்த குடிவருகைப் பட்டியலில், "பெரிய படுக்கையறை, கார்பெட், கதவருகே தேய்மானம், ஜன்னலுக்குக் கீழே பழுப்புக் கறை" என்று ஒரு வரி இருந்தது. எங்கள் மேல் சுமத்தப்பட்ட கறை அதுதான். கார்பெட் எப்போது வாங்கியது என்பதற்கு ரசீதும் இல்லை. குடும்பமாக வாழும் வீட்டில் நடந்து நடந்து தேய்வது இயல்பான தேய்மானம், அதற்குக் குடியிருந்தவர் பொறுப்பில்லை. பழைய பொருளுக்குப் பதில் புதிய பொருளை அடுத்தவர் செலவில் வாங்கிக்கொள்ளவும் முடியாது. உதாரணத்துக்கு, பத்து வருடம் உழைக்க வேண்டிய 800 பவுண்டு கார்பெட் எட்டு வருடம் உழைத்த பிறகு பாழானால், மிச்சமிருக்கும் இரண்டு வருடத்துக்கான 160 பவுண்டைத்தான் இழப்பாகக் கருத முடியும். சமையல் வாடைக்கு ஆதாரம் எதுவும் இல்லை என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார். அடுப்பின் உட்புறத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது படத்தில் தெரிந்ததால் அதற்கு 45 பவுண்டு. அது நியாயமான தொகைதான்.

எங்கள் உரிமையாளர் பணத்தைத் திட்டத்தில் கட்டியிருந்தார். அதையாவது செய்தாரே என்று இப்போது நினைக்கிறேன். கட்டாதவர்களும் இருக்கிறார்கள். மூன்று திட்டங்களின் இணையதளத்திலும் அஞ்சல் குறியீடு, குடும்பப் பெயர், குடிவந்த தேதி கொடுத்துத் தேடலாம். எதிலும் இல்லையென்றால் கவுன்டி நீதிமன்றத்துக்குப் போகலாம். டெபாசிட்டைத் திருப்பித் தரச் சொல்வதோடு, அதைப் போல் ஒரு மடங்கு முதல் மூன்று மடங்கு வரை உரிமையாளர் தண்டமாகக் கொடுக்கும்படியும் நீதிமன்றம் உத்தரவிடும். உரிமையாளரின் முகவரியே தெரியாமல் ஏஜெண்டிடம் மட்டும் பேசிக்கொண்டிருப்பவர்கள், 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுத்தில் கேட்டால் அந்த ஏஜெண்ட் 21 நாளுக்குள் உரிமையாளரின் பெயரும் முகவரியும் கொடுத்தாக வேண்டும்.

என் மனதை உறுத்துவது, உரிமையாளர் வீட்டிலேயே ஒரு அறையில் வாடகைக்கு இருக்கும் நம் மாணவப் பிள்ளைகள். அவர்களுக்கு இந்தத் திட்டப் பாதுகாப்பு பொருந்தாது. பணத்தையும் ரொக்கமாகக் கொடுத்துவிடுகிறார்கள். தம்பி, தங்கைகளே, வங்கி வழியாக அனுப்பி, குறிப்பில் 'டெபாசிட்' என்று எழுதுங்கள். ரொக்கமாகத்தான் வேண்டும் என்றால், வாங்கியதாக ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது கேட்டு வாங்குங்கள். 10,000 பவுண்டு வரையிலான சிறு கோரிக்கையாக நீதிமன்றத்தில் கேட்க உங்களுக்கும் வழி உண்டு, ஆனால் கையில் ஆதாரம் வேண்டும். இங்கே எழுதியதெல்லாம் இங்கிலாந்துக்கு. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் விதிகள் வேறு. வீட்டுப் பிரச்சினைகளுக்கு உதவும் ஷெல்டர் அமைப்பிடமோ சிட்டிசன்ஸ் அட்வைஸிடமோ கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டுமே காசு வாங்குவதில்லை.

கடைசியாக, எங்கள் சீட்டுக் குழுவின் சகோதரிகள். பழைய டெபாசிட் மாட்டிக்கொண்ட நேரத்தில்தான் புது வீட்டுக்கு டெபாசிட்டும் முதல் மாத வாடகையும் கட்ட வேண்டியிருந்தது. இந்த இக்கட்டு வாடகை வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். பணம் இல்லாததால்தான் பலர் உரிமையாளர் கொடுக்கும் பாதியை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார்கள். அந்த மாதச் சீட்டு வேறொரு தங்கைக்கு வர வேண்டியது. அவள் தன் முறையை எங்களுக்கு விட்டுக்கொடுத்தாள். தன் தம்பி கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த திட்டத்தை மாற்றிக்கொண்டு கொடுத்தாள் என்பது பின்னால்தான் தெரிந்தது. அந்தப் பணம் இல்லாமல் போயிருந்தால் எங்களால் தீர்ப்பு வரும்வரை காத்திருக்கவே முடிந்திருக்காது. தங்கையே, தம்பியின் கட்டணத்துக்கு நீ வெளியில் வாங்கிய கடனை அடைக்க வேண்டிய தொகையை, இந்தப் பணம் வந்தவுடன் உன் கணக்குக்கு அனுப்பிவிட்டோம். மறுக்காமல் வாங்கிக்கொள்.

லெஸ்டரிலோ அக்கம்பக்கத்திலோ இதே சிக்கலில் இருப்பவர்கள் எங்களைக் கேளுங்கள். ஒப்பந்தத்தையும் படங்களையும் எடுத்து வாருங்கள். அந்தப் பெரியவர் சொல்லிக்கொடுத்த மாதிரி நானும் என் கணவரும் உங்களோடு உட்கார்ந்து கட்டம் போட்டுத் தருகிறோம்.

நெஞ்சார்ந்த நன்றியுடன்,
ஈஸ்ட்ஹாமிலிருந்து லெஸ்டருக்கு வந்த செவிலியரும் குடும்பத்தாரும்