தம்பிக்கு அம்மா எழுதறது

தம்பி,

நல்லா இருக்கியா. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். அப்பாவுக்கு சுகர் கண்ட்ரோல்ல இருக்கு, மாடி ஓதம் அப்படியேதான் இருக்கு, அத விடு. வாட்ஸப்ல போட்டா நீ ஒரு கட்டைவிரல போட்டு முடிச்சிருவ, அதான் மெயில். சாப்பிட்டுட்டு நிதானமா படி.

நீ மிலான் போனதுலருந்து அந்த ஊர் பேர் எங்க கண்ணுல பட்டாலும் படிச்சிடறேன். லைப்ரரில லியனார்டோ டாவின்சி பத்தி தடியா ஒரு புக் இருந்துச்சு, எடுத்துட்டு வந்துட்டேன், என்ன பரீட்சை எழுதப்போறியான்னு அப்பா கிண்டல். அந்த கடைசி விருந்து ஓவியத்த பாக்க 15 நிமிஷம்தான் உள்ள விடறாங்கன்னு சொன்னியே, நீ கடைசியா எங்கிட்ட வாய் நிறைய பேசுனது அன்னைக்குத்தான், அதனால அந்த சேப்டரத்தான் மொதல்ல பிரிச்சேன்.

சின்ன பையனா அந்த ஓவியம் இருக்கற மடத்துல இருந்து அவர் வரையறத பாத்த பண்டெல்லோன்னு ஒருத்தர் பிற்காலத்துல எழுதி வச்சிருக்காரு. சில நாள் விடியக்காலைல சாரத்துல ஏறுனா இருட்டற வரைக்கும் பிரஷ்ஷ கீழ வைக்க மாட்டாராம், சோறு தண்ணி ஞாபகமே இருக்காதாம். அப்புறம் ரெண்டு மூணு நாள் தொடவே மாட்டாராம், கைய கட்டிக்கிட்டு வரைஞ்சதயே பாத்துட்டு நிப்பாராம். திடீர்னு ஒரு நாள் உச்சி வெயில்ல குதிரை சிலை செய்யற எடத்துலருந்து நேரா வந்து ஏறி, ஏதோ ஒரு முகத்துல ரெண்டு இழுப்பு இழுத்துட்டு கிளம்பிருவாராம். பிளஸ் டூவுல நீ இருந்த மாதிரியே இல்ல? அப்ப தட்ட உன் டேபிளுக்கே கொண்டாந்து வைக்க நான் இருந்தேன். இப்ப யாரு வைக்கறா. வேளைக்கு சாப்பிடு.

அந்தக் குதிரை கதை உனக்கு தெரிஞ்சிருக்கும், இருந்தாலும் சொல்றேன். மிலான ஆண்ட லுடோவிக்கோ ஸ்ஃபோர்சா தன் அப்பா நினைவா வெண்கலத்துல குதிரை சிலை கேட்டாரு. இவரு வருஷக்கணக்கா குதிரைய பாத்து பாத்து அளவெடுத்து வரைஞ்சு, 1493ல ஏழு மீட்டருக்கு மேல உசரமா களிமண்ல மாடல நிறுத்திட்டாரு. மறு வருஷமே அதுக்குன்னு சேத்து வச்ச வெண்கலம் பீரங்கி செய்ய போயிருச்சு. 1499ல பிரெஞ்சுக்காரங்க ஊர புடிச்சதும் வில்லாளுங்க அந்த களிமண் குதிரைய குறி வச்சு அம்பு விட்டு வெளையாண்டாங்களாம். இதுல அவரு மேல என்ன தப்பு இருக்கு? சில வேலை நம்மள கேக்காமயே நின்னு போயிரும், அதுக்கு யாரும் யாரையும் குத்தம் சொல்ல முடியாது. பெரியப்பா சொன்னா சொல்லிட்டு போறாரு.

ஆனா எல்லாம் அப்படி இல்லயே. பொணத்த அறுத்து பாத்து உடம்புக்குள்ள இருக்கறத வரைஞ்சாரே, அது முழுக்க அவர் கைல இருந்த வேலை. எருது இதயத்த வச்சு ஆராய்ச்சி பண்ணி, ரத்தக்குழாய் மாதிரி கண்ணாடில ஒண்ணு செய்ய வழி யோசிச்சு, தண்ணில புல் விதைய கலந்து ஓட விட்டு, ரத்தம் சுழிச்சு திரும்பறதுலதான் வால்வு மூடுதுன்னு எழுதி வச்சிருக்காரு, டாக்டர்ங்க 20ம் நூற்றாண்டுலதான் அங்க வந்து சேந்தாங்க. புக்கா போடற எண்ணம் இருந்துச்சு. கூட இருந்த டாக்டர் மார்க்அந்தோனியோ 1511ல பிளேக்ல போயிட்டாரு, அப்புறம் அது தள்ளி தள்ளியே போச்சு. 1543ல வெசாலியஸ்னு வேற ஒரு டாக்டர் உடம்ப பத்தி புக் போட்டு பேர் வாங்கிட்டாரு, இவரோடது பெட்டிக்குள்ளயே கெடந்துச்சு. எனக்கு மனசே ஆறல தம்பி. கொஞ்சம் அரகுறையாவே குடுத்திருந்தா என்ன? அச்சு அசலா இருக்கணும்னு யார் அவர கேட்டா? இருக்கறத இருக்கற மாதிரி குடுத்துட்டு எந்திரிச்சு வந்திருக்கலாம்.

உன் கூட சேந்த பையன் கான்வகேஷன் போட்டோ போட்டிருந்தான், தலைல பச்சை இலைல வளையம்லாம் வச்சுக்கிட்டு அழகா இருந்தாங்க எல்லாரும். உன்ன தேடுனேன். கூட்டம்ல, ஓரமா எங்கயாவது நின்னிருப்ப.

உன் பென்சில் ட்ராயிங் இன்னும் ஹால்லதான் மாட்டிருக்கு, வர்றவங்க எல்லாம் யார் வரைஞ்சதுன்னு கேக்கறாங்க, எம்புள்ளைன்னு சொல்லும்போது அப்பா முகத்த நீ பாக்கணும். திறமைய பத்தி எனக்கு ஒரு நாளும் சந்தேகம் இல்ல. இருக்கறத குடுத்துட்டு வா, அவ்ளோதான்.

லியனார்டோ நோட்டுல ஒரு வரி இருக்கு. 1493 ஜூலை 16, கத்தரீனா வந்தா. அவ்ளோதான். அது அவரோட அம்மான்னு நிறைய பேர் சொல்றாங்க, வேலைக்காரின்னும் சொல்றாங்க, நான் அம்மான்னுதான் எடுத்துக்கிட்டேன். அப்புறம் அவ அடக்கத்துக்கு ஆன செலவு கணக்கு, மெழுகு, பாதிரியார், குழி வெட்டறவங்களுக்கு கூலி. நடுவுல அவ எப்படி இருந்தா, என்ன பேசுனான்னு ஒண்ணும் காணோம். பறவை ரெக்கைய பத்தி பக்கம் பக்கமா எழுதுன மனுஷன்! ஆம்பளைப் புள்ளைங்க எல்லா ஊர்லயும் ஒண்ணுதான் போல.

ஆனா ஒண்ணு, கோவத்துலயும் சிரிச்சுட்டேன். கடைசி காலத்துல ஜியோமெட்ரி கணக்கு ஒண்ணு போட்டுக்கிட்டே வந்தவரு பாதில நிறுத்திட்டு, சூப்பு ஆறுதுன்னு எழுதிட்டு எந்திரிச்சு போயிருக்காரு. அவரே எந்திரிச்சு போய் சாப்பிட்டிருக்காரு, உனக்கென்ன.

ஞாயித்துக்கிழமை வீடியோ கால் பண்ணு. முடிஞ்சுதா இல்லையான்னு நான் கேக்கல, அப்பாவையும் கேக்க விட மாட்டேன். பேங்க்லருந்து லெட்டர் வந்துச்சு, நான் போய் பேசிட்டேன், அத பத்தி நீ எதுவும் யோசிக்காத. மாமா பொண்ணு அடுத்த மாசம் அந்தப் பக்கம் வராளாம், பருப்புப்பொடியும் ஊறுகாயும் அவகிட்ட குடுத்து விடறேன். பழைய அட்ரஸ்லதான் இருக்கியா, வேற ரூம் மாறிட்டியா, அத மட்டும் இன்னைக்கே சொல்லு.

அம்மா