விசில் ஊதுபவரை விட்டுவைப்போம்

சேலம் மாவட்டக் கால்பந்து அணிகளின் பயிற்சியாளர்களுக்கும், மேலாளர்களுக்கும், பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்து வரும் பெற்றோருக்கும்

வணக்கம்.

கோடை விடுமுறை வந்தால் சிறுவர் போட்டிகளும் வந்துவிடும். ஏற்காட்டுப் பிள்ளைகள் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து கீழே இறங்குவார்கள். மேட்டூரிலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் முதல் பஸ்ஸிலேயே அணிகள் வந்து சேரும். அதற்குள் ஒன்றைப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். நம் மைதானங்களில் நடுவர்களை நடத்தும் விதம் எனக்குப் பொறுக்கவில்லை.

கடந்த கோடையில் நடந்த பதினான்கு வயதுக்குட்பட்டோர் ஆட்டம் ஒன்றில் விசில் ஊதியவர் ஒரு கல்லூரி மாணவர். கோட்டுக்கு வெளியிலிருந்து கையால் எறியும் த்ரோவில் வந்த பந்தை நேராக வாங்கிய பையன் கோல் அடித்தான். எதிரணிப் பக்கம் முழுவதும் “ஆஃப்சைடு” என்று கத்தியது. சக ஆட்டக்காரர் பந்தை உதைக்கும்போது, எதிரணியின் பாதியில் பந்தையும் அவர்களின் கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டி நின்று அதை வாங்குவதுதான் ஆஃப்சைடு. இருந்தாலும் த்ரோ, கார்னர், கோல் கிக் ஆகியவற்றிலிருந்து நேரடியாகப் பந்தைப் பெற்றால் ஆஃப்சைடு கிடையாது. அந்த மாணவர் கோல் கொடுத்தது முழுக்கச் சரி. ஆனால் ஒரு தந்தை கோட்டைத் தாண்டி உள்ளே போய், “எவ்வளவு வாங்கினாய்?” என்று கேட்டார். பயிற்சியாளர் இரு கைகளையும் விரித்து வானத்தைப் பார்த்தார். அடுத்த நொடியே அவருடைய பையன்கள் நான்கு பேர் நடுவரைச் சூழ்ந்துகொண்டு அதேபோலக் கைகளை விரித்தார்கள். பந்தை நிறுத்தக் கற்றுத்தர மாதக்கணக்காகிறது. இதைக் கற்க ஒரு நொடி போதுமாக இருந்தது. அந்த மாணவரை அதன்பிறகு எந்த மைதானத்திலும் நான் பார்க்கவில்லை.

நம் ஊர்ப் போட்டிகளில் கொடி பிடிக்கத் துணை நடுவர்கள் இல்லாத ஆட்டங்களே அதிகம். ஆஃப்சைடைச் சரியாகப் பார்க்க, பந்து உதைக்கப்படும் கணத்தில் கடைசிக்கு முந்தைய தடுப்பாட்டக்காரருக்கு நேராக நிற்க வேண்டும். பந்தோடும் ஓடி, அந்தக் கோட்டிலும் நிற்க ஒருவரால் எப்படி முடியும்? அவர் தவறவிடத்தான் செய்வார். அதுவும் மே மாத வெயிலில், ஒரே காலையில் மூன்றாவது ஆட்டம் என்றால் கேட்கவே வேண்டாம். கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்கும் நமக்கு அவரைவிட நன்றாகத் தெரிந்துவிடப் போவதில்லை.

இன்னொன்று. பந்து மறுபடி ஆட்டத்துக்கு வந்துவிட்டால், கொடுத்த முடிவைத் திரும்பப் பெற நடுவருக்கே பொதுவாக விதி இடம் தருவதில்லை. பிறகு எதற்காகப் பத்து நிமிடம் கத்துகிறோம்?

பயிற்சியாளர்களே, 2019 முதல் மஞ்சள், சிவப்பு அட்டைகள் உங்களுக்கும் உண்டு. உங்கள் பெஞ்சிலிருந்து வசை பாடியது யார் என்று தெரியாவிட்டால், அங்கிருக்கும் தலைமைப் பயிற்சியாளரிடமே அட்டை காட்டப்படும். பெற்றோரை அந்த விதி தொடாது. அவர்களைக் கட்டுப்படுத்த வேண்டியவர்கள் நீங்கள்தான். உங்கள் சொல்லைத்தான் அவர்கள் கேட்பார்கள்.

2024 யூரோ கோப்பையில் நடுவரிடம் விளக்கம் கேட்க அணித்தலைவர் மட்டுமே போகலாம் என்று வைத்தார்கள். மற்றவர்கள் சூழ்ந்தால் மஞ்சள் அட்டை. உலகப் புகழ் பெற்ற ஆட்டக்காரர்களே அதற்குக் கட்டுப்பட்டு நின்றபோது, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளால் முடியாதா? இங்கிலாந்தில் 2019 முதல் அடிமட்டப் போட்டிகளில் நடுவரை எதிர்த்துப் பேசுபவரைப் பத்து நிமிடம் வெளியே உட்கார வைக்கிறார்கள். அதற்குத் தேசியக் கால்பந்துச் சங்கத்தின் அனுமதி வேண்டும், நாமாகச் செய்ய முடியாது. அணித்தலைவர் ஏற்பாட்டை நம் அளவில் நாளைக்கே பழக்கலாம். டாஸ் போடும்போது இரு அணித்தலைவர்களிடமும் சொன்னால் போதும்.

போட்டி நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். பார்வையாளர்களுக்குக் கோட்டிலிருந்து சில அடி தள்ளிக் கயிறு கட்டுங்கள். நடுவருக்கு நிழலில் ஒரு நாற்காலியும் தண்ணீரும் வையுங்கள். அவருக்குரிய தொகையை ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். தோற்ற அணி கலைந்து போகும்வரை அவர் கூட்டத்துக்கு நடுவே காத்துக்கிடக்கக் கூடாது. முறையீடு இருந்தால் மேலாளர் எழுதிக் கொடுக்கட்டும், போட்டிக் குழு விசாரிக்கட்டும். இவற்றை நுழைவுப் படிவத்திலேயே அச்சிட்டு, ஒவ்வொரு அணியிடமும் கையொப்பம் வாங்கிவிடுங்கள். என் பள்ளி அணிக்கு முதல் கையொப்பத்தை நான் போடுகிறேன்.

அன்புடன்,
ஓர் உடற்கல்வி ஆசிரியர்,
சேலம்