மணல் வெப்ப ஆய்வில் கைகொடுத்த எல்லோருக்கும் எங்கள் நன்றி

நீலாங்கரை முதல் கோவளம் வரையுள்ள குப்பங்களின் பெரியவர்களே, மீன் விற்கும் அக்காமார்களே, இரவு நடைக்கு வந்த மாணவர்களே, பொரிப்பகக் காவலர்களே, வனத்துறை ஊழியர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி) முட்டையிடும் பருவம் முடிந்து கடைசி முட்டைக் குழியையும் தோண்டிப் பார்த்தாயிற்று. பருவநிலை மாற்றம் கடலாமைகளை என்ன செய்கிறது என்ற கேள்விக்கு, முட்டை கிடக்கும் மணலில் நின்றுதான் விடை தேட முடியும். அந்த மணலில் ராவெல்லாம் எங்களோடு நின்றவர்கள் நீங்கள். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒற்றை வரியில் நன்றி சொல்லி முடிக்க மனம் வரவில்லை. யார் என்ன செய்தீர்கள், அது இல்லாவிட்டால் எது கெட்டிருக்கும் என்று எழுதியே ஆகவேண்டும்.

முட்டைக்குள் வளர்வது ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் முடிவு செய்கிறது. ஆணும் பெண்ணும் சரிபாதியாகப் பிரியும் வெப்பநிலை இடத்துக்கு இடம் சற்று மாறும். பெரும்பாலும் 29 முதல் 31 டிகிரிக்குள் இருக்கும். அதற்கு மேலே போனால் பெண் கூடும், கீழே வந்தால் ஆண் கூடும். 34, 35 டிகிரியில் நாள்கணக்காக நின்றால் கருவே மடியும். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் வடபகுதியில் பச்சை ஆமை இனத்தின் இளம் ஆமைகளில் 99 விழுக்காடு பெண் என்று 2018இல் வெளிவந்த ஆய்வு உலகையே திரும்பிப் பார்க்கவைத்தது. நம் கரையில் நிலைமை என்ன என்று அறிய, குழிகுழியாக அளப்பதைத் தவிர வேறு வழியில்லை.

முதல் நன்றி மீனவ ஐயாக்களுக்கு. எந்தக் கரை அரிக்கிறது, எங்கே மணல் ஏறுகிறது, வாடை எப்போது தணியும் என்று நீங்கள் சொன்னதைக் கேட்டுத்தான் குழிகளுக்கு இடம் குறித்தோம். விடியலில் வலை இழுக்க வரும்போது ஆமைத் தடத்தைக் கண்டால் அதை மிதிக்காமல் சுற்றிப் போய்த் தகவல் சொன்னீர்கள். பங்குனி ஆமை வலம் இடமாகக் கால் மாற்றி ஊர்ந்த தடம், பச்சை ஆமை இரு துடுப்பையும் ஒருசேரத் தள்ளிய தடம் என்று எங்கள் மாணவர்களுக்குப் பிரித்துக் காட்டியதும் நீங்களே. வலையில் சிக்கிய ஆமையை விடுவிக்க வலையையே அறுத்தவர்களும் உங்களில் உண்டு. ஒரு வலையின் விலை என்ன என்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்தக் கத்தி வெட்டின் கனம் தெரியும்.

இரவு நடை மாணவர்களே, உங்கள் பொறுமைக்குத் தனியாக நன்றி சொல்லவேண்டும். ஆமை மணலைத் தட்டி மூடிவிட்டுப் போனபின், குழியின் வாய் எங்கே என்று கம்பால் துழாவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வேகமாகக் குத்தினால் மேல்வரிசை முட்டை உடையும். உடைந்த ஒன்றால் எறும்பும் பூஞ்சையும் குழி முழுவதையும் பிடித்துக்கொள்ளும். மணல் இளகும் அந்த நொடியில் கம்பை நிறுத்திவிட்டுக் கையால் தோண்டினீர்கள். நூறு, நூற்றிருபது முட்டைகளை ஒவ்வொன்றாக, உருட்டாமல், திருப்பாமல் எடுத்து, அதே குழியின் ஈர மணலோடு பையில் வைத்தீர்கள். இட்ட சில மணி நேரத்துக்குள் கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டத் தொடங்கிவிடும். அதன்பின் முட்டையைப் புரட்டினால் சவ்வு கிழிந்து கரு சாகும். வெளியே ஒன்றும் தெரியாது, அடைகாலம் முடிந்து பொரியாதபோதுதான் தெரியவரும். ஆகவேதான் ஆறு மணி நேரத்துக்குள், முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் பொரிப்பகக் குழிக்கு மாற்றிவிட வேண்டும் என்று உங்களை அத்தனை விரட்டினோம். தூக்கக் கண்ணோடும் பையை ஆட்டாமல் நடந்தீர்கள். பொரியாத முட்டைகளுக்குக் காரணம் சூடா, கைப்பிழையா என்று பிரிக்க முடியாவிட்டால் இந்த ஆய்வுக்கே பொருளில்லை. அந்தக் குழப்பம் வராமல் காத்தது உங்கள் கைகள்.

பொரிப்பகக் காவலர் அண்ணன்மார்களே, குழி வெட்டும் வேலையை உங்களிடம்தான் கற்கவேண்டும். முக்கால் முழங்கை ஆழம் போதும் என்று யாரோ சொன்னபோதும், சுமார் 45 செ.மீ. ஆழம், குறுகிய கழுத்து, அடியில் அகன்ற வயிறு என்று ஆமை தன் பின்துடுப்பால் வெட்டும் அதே வடிவில் வெட்டினீர்கள். முதலில் ஈர மணல், கடைசியில்தான் மேல்பரப்பின் காய்ந்த மணல். காய்ந்தது வயிற்றுக்குள் சரிந்தால் முட்டைகளுக்கு நடுவேயுள்ள காற்றிடம் அடைபடும், ஓட்டின் ஈரமும் போகும். குழிக்குக் குழி ஒரு மீட்டர் இடைவெளி விட்டீர்கள். கடைசி வாரங்களில் கருக்களே சூட்டை வெளியிடும். நெருக்கி வைத்தால் பக்கத்துக் குழியும் சேர்ந்து சூடேறும், எங்கள் அளவையும் பொய்யாகும். ஒரே மணலில் ஆண்டுதோறும் புதைக்காமல் இடம் மாற்றியதும் உங்கள் யோசனைதான். பழைய ஓட்டுத் துணுக்குகளில் தங்கும் பூஞ்சையும் நுண்கிருமியும் புதுக் குழிக்கு வராமலிருக்க அதைவிட மலிவான வழி எங்களுக்குத் தெரியாது.

குழிகளுக்கு மேல் கட்டும் நிழல்வலை விஷயத்தில் நீங்கள் எங்களை நம்பியதற்கும் நன்றி. வெயில் ஏறியதும் வலை போட்டுவிட வேண்டும் என்றுதான் நல்ல மனம் துடிக்கும். ஆனால் ஆணா பெண்ணா என்ற பால் முடிவாவது அடைகாலத்தின் நடு மூன்றிலொரு பகுதியில்; 50 நாள் குழியென்றால் ஏறக்குறைய 17ஆம் நாளுக்கும் 33ஆம் நாளுக்கும் இடையில். 40ஆம் நாள் போடும் நிழல் உயிரைக் காக்கலாம், பாலை மாற்றாது. தொடக்கத்திலேயே அளவுக்கு மீறிக் குளிர்வித்தால் எல்லாம் ஆணாகிவிடும் ஆபத்து உண்டு. தெர்மாக்கோல் பெட்டிகளில் முட்டைகளை அடைகாக்கும் பழக்கம் பல நாடுகளில் இருந்தபோது, பெட்டிக்குள் குளிர்ச்சி கூடி ஆண்கள் மிகுந்துவிடலாம் என்று மிரோசோவ்ஸ்கி, இன்டெமா என்ற ஆய்வாளர்கள் 1980இலேயே எச்சரித்தார்கள். ஜனவரிக் குழிகளைத் திறந்தே விட்டு, மார்ச் கடைசி, ஏப்ரல் குழிகளுக்கு மட்டும் நிழல் தந்து, எந்த நாள் கட்டினோம் எந்த நாள் அவிழ்த்தோம் என்று அட்டையில் எழுதிவைத்தீர்கள். அந்த அட்டைகள் இல்லாமல் வெப்பக் கோடுகளை எங்களால் படித்திருக்கவே முடியாது.

குழிக்குள் வைத்து வெப்பத்தைப் பதிவுசெய்யும் சிறு கருவிகளான லாகர்களைச் சரிபார்த்துக் கொடுத்த இயற்பியல் துறைத் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. பருவத்துக்கு முன்னும் பின்னும், தண்ணீர்த் தொட்டியில் 25, 30, 35 டிகிரிகளில் சான்று பெற்ற வெப்பமானியோடு ஒப்பிட்டுத் தந்தீர்கள். சிலருக்கு இது வீண்வேலையாகத் தோன்றியது. அரை டிகிரி பிசகினால் ஆண் குழியைப் பெண் குழி என்று எழுதிவிடுவோம். பாதி முட்டைகள் உள்ளே போனதும் நடுவில் ஒரு லாகர், அதே ஆழத்தில் வெறும் மணலில் இன்னொன்று. இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் கருக்கள் தாமே உண்டாக்கும் சூடு. லாகரைக் கட்டிய கயிற்றை நண்டு வெட்டிப்போட்டதும், மூடியிடுக்கில் உப்புத்தண்ணீர் புகுந்ததும் அவ்வப்போது நடந்தது. தடித்த நைலான் நரம்பும் புது ரப்பர் வளையமும் அதற்குத் தீர்வாயின.

குஞ்சின் வெளித்தோற்றத்தில் பால் தெரியாது. பால் அறிவதற்காக உயிருள்ள எந்தக் குஞ்சையும் நாங்கள் தொடவில்லை. குழிக்குள்ளேயே இறந்து கிடந்தவற்றை மட்டும், வனத்துறை எழுத்தில் தந்த அனுமதியோடு, 10 விழுக்காடு ஃபார்மலினில் இட்டுச் சிறுநீரகத்தை ஒட்டிய இனப்பெருக்கச் சுரப்பியின் மெல்லிய வெட்டுகளை நுண்ணோக்கியில் பார்த்தோம். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் இது. அனுமதி எளிதில் கிடைக்கக் கூடாததுதான். கோப்பை வாசித்து, கேள்வி கேட்டு, திருத்தச் சொல்லி, பிறகு ஒப்பமிட்ட அலுவலர்களுக்கு நன்றி. குஞ்சுகள் வெளியேறிய ஓரிரு நாளில் குழியைத் தோண்டிக் கொடுத்த காவலர்களுக்கும். நாள் தள்ளினால் திசு அழுகி, வெட்டில் ஒன்றும் தெரியாது.

2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கியதை யாரும் மறக்கவில்லை. பெண் பெருகுகிறதா ஆண் குறைகிறதா என்று நாங்கள் கணக்குப் பார்க்கையில், முட்டையிட வரும் தாயே வலையில் மூச்சுமுட்டிப் போனால் அந்தக் கணக்கு எதற்கு? அசைவற்றுக் கிடந்த ஆமையைச் செத்தது என்று கடலில் எறியாமல், வயிறு கீழாகக் கிடத்தி, பின்பக்கத்தை ஒரு சாண் உயர்த்தி, ஈரச்சாக்கு போர்த்தி, நிழலில் வைத்துக் காத்திருந்த படகுக்காரர்களே, நுரையீரல் நீர் வடிய மணிக்கணக்காகும், சில சமயம் ஒரு நாள்கூட ஆகும். அத்தனை நேரம் தளத்தில் இடம் விட்டீர்களே, உங்களைக் கும்பிடுகிறோம்.

குஞ்சு பொரியும் வாரங்களில் கடல் பார்த்த விளக்குகளை அணைத்துவைத்த வீட்டுக்காரர்களுக்கும், நாய்களைக் கட்டிவைத்தவர்களுக்கும் நன்றி. லட்சத்தீவின் சுகேலியில் 1982 மழைக்காலம் முழுக்கத் தனியே தங்கி ஆமைகளைக் கணக்கெடுத்த சதீஷ் பாஸ்கரையும், 1988 முதல் இந்தக் கரையில் இரவு நடை நடந்துவரும் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினரையும் நினைக்காமல் இம்மடல் நிறைவடையாது. அவர்கள் குறித்துவைத்த பழைய எண்கள் இருப்பதால்தான் எங்கள் எண்களை எதனோடாவது ஒப்பிட முடிகிறது.

ஒவ்வொரு குப்பத்துக்கும் அந்தந்தக் கரைக் குழிகளின் வெப்பப் படத்தைத் தமிழில் அச்சிட்டு, நேரில் வந்து விளக்கித் தருகிறோம். யாரிடமாவது லாகரோ நாள் அட்டையோ தங்கியிருந்தால், நனைந்து கிழிந்ததாக இருந்தாலும் பொரிப்பகத்தில் சேர்த்துவிடுங்கள். டிசம்பருக்குள் மறுபடி தொட்டியில் வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

நன்றியுடன்,
கடலாமை ஆய்வுக் குழுவினர்
சென்னை