2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை உறுப்பினர்களே, வந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு செயலவை எட்டு முறை கூடியது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கான வார இறுதி டியூஷன் தடையில்லாமல் நடந்தது. மரண சகாய நிதியிலிருந்து நான்கு குடும்பங்களுக்கு உதவினோம். பொங்கலும் தீபாவளி உபசரிப்பும் வழக்கம்போல. இவற்றின் வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். நான் அதிகம் பேச வேண்டியது நம் சங்க மண்டபத்துப் பலகைத் திண்ணையைப் பற்றித்தான். "பலகைக் கணக்கை யார் போட்டது?" என்று மூன்று உறுப்பினர்கள் எழுத்து மூலம் கேட்டிருக்கிறார்கள். நான்தான் போட்டேன்.

நம் ஊர் சுங்கை சிப்புட் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மண்டபத்தின் பக்கவாட்டில் நாற்காலி போட்டால் மாலைக்குள் கால்கள் சகதியில் இறங்கிவிடும். தோட்டத்து லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் உட்கார்ந்து பழகிய பெரியவர்களுக்கு உள்ளே மின்விசிறிக்கடியில் உட்காரப் பிடிப்பதில்லை. அதனால் 24 அடி நீளம், 12 அடி அகலத்தில் தரையிலிருந்து சற்று உயர்த்தி ஒரு திண்ணை கட்டச் சென்ற பொதுக்கூட்டம் அனுமதி தந்தது.

எந்த மரம் என்பதில் கொஞ்சம் வாக்குவாதம். காலமெல்லாம் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிப் பால் எடுத்தவர்கள் நாம், அந்தப் பலகையே போதும், விலையும் குறைவு என்றார் ஒருவர். பாசம் சரி, ஆனால் பால்மரப் பலகை வீட்டுக்குள் மேசை நாற்காலிக்குத்தான் ஆகும். வெளியே மழையில் போட்டால் பூசணமும் பூச்சியும் சீக்கிரம் தின்றுவிடும். கடைசியில் வெளியே போடத் தாங்கும் பாலாவ் என்ற கடின மரம் என்று முடிவானது.

இனி என் கணக்கு. பலகையின் அகலம் 6 அங்குலம், நீளம் 12 அடி. ஒட்டுப் போடாமல் குறுக்கே விரித்தால் ஒரு வரிசைக்கு ஒரு பலகை. 24 அடி என்பது 288 அங்குலம். 288ஐ 6ஆல் வகுத்தால் 48. மீதியே இல்லாமல் வந்ததால் எனக்கு மிகவும் பிடித்துப்போய், 48 பலகைக்கு அன்றைக்கே முன்பணம் கட்டிவிட்டேன்.

பலகை வந்து இறங்கியதும் ஆசாரி மடக்குக் கோலை எடுத்து ஒன்றின் குறுக்கே வைத்துப் பார்த்தார். "தம்பி, பேர்தான் ஆறு. இழைச்சா ஐந்தரை" என்றார். அறுத்த அளவைத்தான் கடையில் சொல்கிறார்கள். இழைப்பில் அரை அங்குலம் போய்விடுகிறது. அப்புறம், மழைநீர் வடியவும் மரம் உப்பினால் இடிபடாமல் இருக்கவும் பலகைக்குப் பலகை கால் அங்குலம் விட வேண்டும். ஆக, ஒரு பலகை அடைக்கும் இடம் ஐந்தே முக்கால் அங்குலம். 288ஐ அதால் வகுத்தால் 50க்குக் கொஞ்சம் மேல் வருகிறது. 51 என்று எடுக்க வேண்டும். வெடிப்பு, முடிச்சு, கோணலுக்காக நூற்றுக்குப் பத்து சேர்த்தால் 56. நான் வாங்கியதோ 48.

இதோடு விட்டதா? கோத்தோங் ரோயோங் (எல்லாரும் கூடி வேலை செய்யும் நாள்) அன்று நம் இளைஞர்கள் ஆர்வத்தில், துளை போடாமலே பலகை ஓரத்தில் திருகாணியை இறக்கினார்கள். பாலாவ் இறுகிய மரம். இரண்டு பலகைகள் முனையிலிருந்து முழ நீளத்துக்குப் பிளந்துவிட்டன. மிஞ்சிய 46ஐயும் விரித்து முடித்தபோது கடைசியில் ஏறக்குறைய இரண்டு அடிக்கு மண் தெரிந்தது. அதில் ஒரு கோழி நின்றுகொண்டிருந்த படம் நம் வாட்ஸ்அப் குழுவில் எத்தனை நாள் சுற்றியது என்பது எல்லாருக்கும் தெரியும்.

மேலும் 5 பலகை வாங்கினோம். லாரிக் கூலி 60 ரிங்கிட் இரண்டாம் முறையும் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த 60 ரிங்கிட்டை நானே கட்டிவிட்டேன், ரசீது கோப்பில் இருக்கிறது. நான்கு பலகை போட்டும் முக்கால் அங்குலம் பாக்கி நின்றது. அதற்காக ஒரு பலகையைக் கீற்றாகக் கிழிக்க ஆசாரிக்கு மனம் வரவில்லை. கடைசிப் பன்னிரண்டு பலகைகளையும் தளர்த்தி, இடைவெளி ஒவ்வொன்றிலும் அரை நூல் கூட்டினார் (எட்டு நூல் ஓர் அங்குலம்). பன்னிரண்டு அரை நூல் ஆறு நூல். ஆறு நூல் முக்கால் அங்குலம். போய்ப் பாருங்கள், எந்த இடம் என்று கண்டுபிடிக்க முடியாது.

அடிச்சட்டத்தில் மட்டும் நான் தவறவில்லை. 16 அங்குலத்துக்கு ஒன்று வீதம் 12 அடிக்கு ஒன்பது இடைவெளி, பத்து வரிசைச் சட்டம். ஒவ்வொரு வரிசைக்கும் 12 அடித் துண்டு இரண்டு, மொத்தம் இருபது. பலகை சட்டத்தில் உட்காரும் இடத்துக்கு இரண்டு திருகாணி. ஐம்பது பலகைக்கு ஆயிரம். துருப்பிடிக்காத ரகத்தையே வாங்கினோம்.

மிஞ்சிய ஒரு பலகை சாமான் அறையில் பத்திரமாக இருக்கிறது. பிளந்த இரண்டும் நல்ல பாகம் அறுக்கப்பட்டு, திண்ணைக்கு ஏறும் படியாகிவிட்டன. அடுத்த ஆண்டு திண்ணைக்குக் கூரை போட வேண்டும் என்று செயலவை பரிந்துரைக்கிறது. அளவெடுக்கும் பொறுப்பை ஆசாரியிடமே விடுவது என்பதும் அந்தத் தீர்மானத்தில் அடக்கம்.

இக்கூட்டம் முடிந்து அறுபது நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டுக் கணக்கை அனுப்ப வேண்டும். ஆகவே இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். முன்மொழிபவரும் வழிமொழிபவரும் எழுந்து நின்று பெயரைச் சொன்னால் குறிப்பில் எழுதிக்கொள்வேன்.

செயலாளர்