1964-ல் ஓடியது 1071 சிசி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த இதழின் பழைய கார்கள் பகுதியில், "சலுகைப் புள்ளிகளின் புண்ணியத்தால் 1964 மான்டே கார்லோ ராலியை வென்ற 1275 சிசி மினி கூப்பர் எஸ்" என்று அந்தக் கார் பந்தயத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். பேடி ஹாப்கர்க்கும் ஹென்றி லிடனும் மின்ஸ்கிலிருந்து ஓட்டிவந்து வென்ற, 33 ஈஜேபி என்ற பதிவெண் கொண்ட மினியின் என்ஜின் 1071 சிசி. சிலிண்டரின் குறுக்களவு (போர்) 70.6 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரம் (ஸ்ட்ரோக்) 68.26 மி.மீ. 1275 சிசி வண்டி கடைக்கு வந்ததே அந்த ராலி முடிந்த பிறகுதான். தங்களுக்குத் தெரியாததா?

அடுத்து, அந்தப் புண்ணியம். என்ஜின் அளவைப் பார்த்து, சிறிய என்ஜினுக்குச் சலுகை தந்து நேரத்தைக் கணக்கிடும் விதி இருந்தது உண்மைதான். ஸ்டேஜ்களில், அதாவது நேரம் கணக்கிடும் வேகப் பகுதிகளில், வேகமாக ஓடியது போ லியுங்ஃபெல்ட்டின் 4.7 லிட்டர் ஃபோர்டு ஃபால்கன் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் எரிக் கார்ல்சனின் சாப் வண்டிக்கு மினியைவிடச் சிறிய என்ஜின். அது ஏன் மூன்றாவதாக வந்தது? சரி, 1965-க்கு என்ன சொல்வீர்கள்? கிளம்பிய 237 வண்டிகளில் 35 தான் பனியைத் தாண்டி மொனாக்கோ வந்து சேர்ந்தன. ஸ்டேஜ்களுக்கு இடைப்பட்ட சாலைப் பகுதிகளில் ஒரு அபராதப் புள்ளிகூட வாங்காமல் வந்தவர் மினி ஓட்டிய டிமோ மாக்கினென் ஒருவரே.

காரணம் வண்டியின் அமைப்பில் இருக்கிறது. என்ஜின் குறுக்குவாட்டில், கியர்பாக்ஸ் அதன் அடியில், ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்புக்குள். இந்த இரண்டின் மொத்த எடையும் வண்டியை இழுக்கிற முன்சக்கரத்தின் மேலேயே அழுத்துவதால் பனியில் பிடிமானம் விடாது. மாக்கினென் போன்ற ஃபின்லாந்து ஓட்டுநர்கள் வளைவில் வலது காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுக்காமல் இடது காலால் பிரேக்கைத் தொடுவார்கள். என்ஜின் சுழற்றுவதால் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளாது. பின்சக்கரம் மட்டும் பிடி தளர்ந்து வழுக்க, வண்டியின் மூக்கு வளைவுக்குள் திரும்பும். இதை விளக்க உங்களுக்கு இடமில்லை. குதிரைத்திறன் பட்டியலுக்கு அரைப் பக்கம் இருந்தது.

போன ஆண்டு இதே மினியை "கோளாறே அறியாத வண்டி" என்றீர்கள். ஒரு தடவையாவது பானட்டைத் திறந்து பார்த்தவர் எழுதியதா அது? ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்டிரிபியூட்டர் முன்பக்கக் கிரில்லுக்கு நேர் பின்னால் நிற்கிறது. மழைத் தண்ணீர் தெறித்தால் மிஸ்ஃபயர், என்ஜின் விட்டுவிட்டு எரியும். அதற்கு ரப்பர் உறையோ கிரில்லுக்குப் பின்னால் ஒரு தகடோ வேண்டும். என்ஜினுக்கும் கியருக்கும் ஒரே ஆயில் என்பதால் கியர் பல்லிலிருந்து உதிரும் இரும்புத்தூள் பேரிங் வரை போகும். ஆயிலையும் ஃபில்டரையும் அடிக்கடி மாற்றாவிட்டால் பேரிங் போய்விடும். கிளட்ச்சை அடுத்துள்ள பிரைமரி கியரின் ஆயில் சீல் கசிந்தால் கிளட்ச் வழுக்கும். சக்கரம் பத்தே அங்குலம். அடியில் சம்ப் கார்டு என்ற பாதுகாப்புத் தகடு இல்லாமல் கற்பாதையில் இறக்கினால் கியர்பாக்ஸ் உடையும். இதையெல்லாம் சமாளித்து இந்த ராலி மினிகளைத் தயார் செய்த அபிங்டன் பணிமனை ஜெயித்ததுதான் பெருமை.

1966 ராலியில் விளக்கைக் காரணம் காட்டி மினிகளை நீக்கியதை "ஏமாற்று விளக்கு" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். ஹெட்லைட்டில் ஒற்றை இழை குவார்ட்ஸ் அயோடின் பல்பு. ஒரே இழையில் டிம் வராது. அதனால் டிம் போட்டால் ஹெட்லைட் அணைந்து ஃபாக் லைட் எரியும்படி வயரிங் செய்திருந்தார்கள். விதிப்படி சரியா என்று வாதிடுங்கள், கேட்டுக்கொள்கிறேன். எதிரே வண்டியே வராத ஸ்டேஜில் டிம் போடும் முறையால் எத்தனை நொடி மிச்சமாகும் என்றும் சொல்லுங்கள். முதல் மூன்று இடம் பிடித்த மினிகளோடு ரோஜர் கிளார்க்கின் லோட்டஸ் கார்ட்டினாவும் நீக்கப்பட்டது. வெற்றி பாலி டொய்வோனெனின் சிட்ரோவனுக்குப் போனது. மறு ஆண்டே ரௌனோ ஆல்டோனென் மினியில் 13 நொடி வித்தியாசத்தில் வென்றார். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

1964 என்று போட்டிருக்கும் படமும் மாக்கினெனின் 1965 வண்டி, ஏஜேபி 44பி. நம்பர் பிளேட் தெளிவாகவே தெரிகிறது. படத்தை மாற்றித்தரச் சொல்லி உங்களைச் சிரமப்படுத்த மாட்டேன். அடுத்த இதழில் ஏதாவது ஒரு மூலையில் "1275 என்பதை 1071 என்று படிக்கவும்" என்று ஒரு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்